பாதி பம்பர்

பூவாத்தாள் ஆசிட் ஊற்றிவிட்டாள் என்று சென்னிமலை சொன்னபோது, அவள் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. வாட்டர் சர்வீஸை ஒட்டியிருந்த சடையனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைக்காமல், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"புதுக் காருங்க. ரெண்டு வருசங்கூட ஆகல. அந்தப் பொம்பளை ஆசிட்டக் கரைச்சு ஊத்திப் பம்பரைச் சுண்ணாம்பு அடிச்சாப்பல ஆக்கிப்போட்டா."

கேட்டவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கூடையோடு நின்ற ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரையடி தள்ளி நின்றாள். நீ என்ன ஊற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சென்னிமலை கேட்கவில்லை, அவருடைய டிரைவர் வீரபாகு கேட்கவில்லை, வாட்டர் சர்வீஸ் நடத்தும் பாலசுந்தரமும் கேட்கவில்லை. மாட்டுக்கு வயிறு ஊதினால்கூட மேய்ப்பவனைக் கூப்பிட்டு எங்கே மேய்ந்தது என்று கேட்பார்கள். அந்த மரியாதைகூடப் பூவாத்தாளுக்கு இல்லை.

அது 1987ஆம் வருடத்துப் பங்குனி மாதம். ஏற்காட்டு மலை ரோடு ஏறத் தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில், பாலசுந்தரத்தின் வாட்டர் சர்வீஸ் நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது. மலையேறும் கார்கள், இறங்கும் காப்பி லாரிகள், எப்போதாவது ஒரு போர் போடும் வண்டி. சென்னிமலைக்கு ராசிபுரம் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை இருந்தது, மலைமேல் காப்பித் தோட்டம் இருந்தது. சனிக்கிழமை காலையில் வருவார். சின்னக் காரை மலையில் ஏற்றினால் எஞ்சின் திணறுகிறது என்று அதைச் சர்வீஸில் விட்டுவிட்டு, தோட்டத்து ஜீப்பில் போவார். ஞாயிறு சாயங்காலம் இறங்கி வந்து, கழுவித் துடைத்த காரில் ஊர் போவார்.

அதுவரை கார் என்றால் பம்பர் இரும்பாக இருக்கும், வெள்ளிபோல் மின்னும். இந்தச் சின்னக் காருக்குக் கருப்பு பிளாஸ்டிக். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெள்ளைக் காரில் அந்தக் கருப்பு எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக ஒவ்வொரு வாரமும் ஒரே கதைதான். சனிக்கிழமை கார் வரும்போது பம்பர் கருகருவென்று வரும். பூவாத்தாள் கழுவி, அது காய்ந்த பிறகு பார்த்தால், பூஞ்சை பிடித்த பனைவெல்லம் மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்திருக்கும். கருப்பாகக் கொடுத்தோம், வெள்ளையாக வாங்குகிறோம் என்று சென்னிமலை கணக்குப் போட்டுவிட்டார். கண்ணால் பார்த்த கணக்கு என்பதால் அதை மாற்ற யாராலும் முடியவில்லை.

அன்று கார் கிளம்பிப் போனதும் பாலசுந்தரம் அவளைக் கூப்பிட்டார்.

"பூவாத்தா, இனிமே காரைத் தொடாத. லாரி அடித்தட்டு மட்டும் கழுவு."

"ஏனுங்கண்ணா, நான் என்ன ஊத்துனேன்னு கேட்டீங்களா?"

"கேக்கறது என்ன. அவரு எவ்வளவு பெரிய ஆளு, பொய்யா சொல்லப்போறாரு?"

"அப்ப நான் சொன்னாத்தான் பொய்யுங்களா?"

பாலசுந்தரம் கெட்ட மனிதர் இல்லை. பெரிய ஆட்களைக் கண்டால் முதுகு தானாக வளையும், அவ்வளவுதான். தலையைச் சொறிந்தார். "அடுத்த சனிக்கிழமை ஒரு வாட்டி பாக்கலாம். அது கருப்பா ஆகோணும். ஆகலீன்னா நீ வேற எடம் பாத்துக்க அம்மிணி. நானும் பொழைக்கோணுமில்ல."

பூவாத்தாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்தது ஜலகண்டாபுரத்தில், நெசவாளர் தெருவில். பதினேழு வயது வரை பாவுக்குக் கஞ்சி போடுவதுதான் அவள் வேலை. விடிகாலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சியில் தோய்த்த தூரிகையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து நீவ வேண்டும். கட்டிக்கொடுத்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில். கணவன் செங்கோடனுக்குச் சூரமங்கலத்தில் ரயில் வேகன்களில் மூட்டை இறக்கும் வேலை. இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் சர்வீஸுக்கு வருவாள். ஆண்கள் மூன்று பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சர்வீஸ் ஆள் என்று பேர். அதே வேலையைச் செய்யும் அவளுக்குத் தண்ணி ஊத்தற பொம்பளை என்று பேர். காரின் கதவு இடுக்கில் தேங்கும் சேற்றைத் துடைப்பக் குச்சியில் துணி சுற்றி எடுக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியும். அவளை விட்டால் வேறு யாரிடமும் கொடுக்காதவர்கள் இருந்தார்கள். இருந்தும் பேர் அதுதான். அதையெல்லாம் நான்கு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஆசிட் ஊற்றியவள் என்ற பேரைப் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் செங்கோடன் சொன்னான், "சொல்றவன் சொல்லிட்டுப் போறான், உடு."

"உங்க தலைமேல மூட்டையக் கிழிச்சவன்னு எழுதி ஒட்டுனா உட்டுருவீங்களா?"

செங்கோடன் சோற்றைப் பிசைந்தான்.

உண்மையில் பூவாத்தாளுக்குச் சந்தேகம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கழுவும்போது அந்தப் பம்பரிலிருந்து கடலை எண்ணெய் வாசம் வந்தது. சோப்புத் தண்ணீர் பட்டதும் எண்ணெய்ப் படலம் வானவில்லாக மிதந்து ஓடியது. யாரோ எண்ணெய் தடவிக் கருப்பாக்கிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவள் கழுவியதும் எண்ணெய் போகிறது, அடியில் இருக்கிற வெள்ளை தெரிகிறது. அவள் வெளுக்கவில்லை. ஏற்கெனவே வெளுத்ததைக் காட்டிக்கொடுத்தாள். இதற்கா இந்தப் பேச்சு?

ஆனால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியவில்லை. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்கை அவள் பார்த்திருக்கிறாள். அது ஒரே சீராகச் சாம்பல் நிறத்துக்குப் போகும். இது அப்படி இல்லை. அடுத்த சனிக்கிழமை கார் வந்து, சென்னிமலை ஜீப்பில் ஏறிப் போனதும், முதல் வேலையாகச் சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்தாள். காயவிட்டாள். பிறகு நகத்தால் ஒரு திட்டைச் சுரண்டினாள். பம்பரின் சொரசொரப்புக்குள்ளிருந்து மெல்லிய செதில் ஒன்று பெயர்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். இரண்டு விரல்களும் லேசாக ஒட்டிக்கொண்டன.

அந்தப் பிசுபிசுப்பை அவள் விரல்கள் மறந்திருக்கவில்லை. கஞ்சி.

டிரைவர் வீரபாகு வேப்பமரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். பூவாத்தாள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"தம்பி, காரை ஆலைல எங்க நிறுத்தறே?"

"எங்க நிறுத்துனா உனக்கென்னக்கா? வாடகைக்கு எடுக்கப்போறியா?"

"களத்துக்குப் பக்கமா?"

"முதலாளி களத்துக்குள்ளயே கொண்டாந்து நிறுத்தச் சொல்லுவாரு. மாவு காயறத உக்காந்தபடியே பாக்கோணும் அவருக்கு."

"அப்ப மாவு பறந்து வண்டி மேல படியுமில்ல?"

"படியும். தெனமும்தான் கழுவறேன்."

"எந்தத் தண்ணில?"

வீரபாகு எழுந்து உட்கார்ந்தான். "என்னக்கா, போலீசு மாதிரி கேக்கறே. அங்க ஜவ்வரிசி வறுக்கற அடுப்புல எந்நேரமும் ஒரு அண்டா சுடுதண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும். அதைத்தான் மோந்து ஊத்துவேன். அழுக்கு நல்லாப் போகும்."

"காடித் தண்ணிக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாத ஊரா உங்கூரு? குச்சிக்கெழங்கு மாவுல சுடுதண்ணி ஊத்துனா என்ன ஆகும்?"

மரவள்ளிக் கிழங்கு மாவில் கொதிநீர் ஊற்றினால் பசை ஆகும். போஸ்டர் ஒட்டுகிறவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். மாவிலேயே பிறந்து மாவிலேயே பணம் பார்க்கும் ஆலைக்காரர்களுக்குத் தெரியாதா? அடுப்பில் ஓசியில் கொதிக்கிற தண்ணீரைக் கண்டதும் யோசனை அங்கேயே நின்றுவிட்டது. தினமும் பம்பரின் சொரசொரப்புக்குள் மாவு போய் உட்காரும், தினமும் வெந்நீர் அதை வேகவைக்கும், தினமும் வெயில் அதை அப்பளமாகக் காயவைக்கும். வழவழப்பான தகரத்தில் ஒட்டாதது, பிளாஸ்டிக்கின் ரேகைகளுக்குள் படலம் படலமாக ஏறியிருந்தது.

"கடலெண்ணெய் தடவறது யாரு?"

வீரபாகு கீழே பார்த்தான். "வெளுத்துத் தெரிஞ்சா என்னையத்தான வைவாரு. அதான் காலைல ஒரு கை தடவிப்போடுவேன்."

"அவரு என்னைய ஆசிட் ஊத்துனவன்னு ஊர்கூட்டிச் சொன்னப்ப, எண்ணெய் தடவுன கை பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சா?"

"அக்கா, எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

"எனக்கு ஆட்டுக்குட்டியா இருக்குது?"

பூவாத்தாள் அதோடு விட்டுவிட்டாள். கோபத்தை அங்கே செலவழித்துவிட்டால் வேலைக்கு மிச்சம் இருக்காது.

வெந்து காய்ந்த கஞ்சியைச் சோப்பு அசைக்காது என்பது ஜலகண்டாபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். கஞ்சி ஏறிய நூலைத் திரும்பச் சாயம் போட வேண்டுமென்றால், முளைகட்டிய ராகியை அரைத்துக் கலந்த புளித்த நீராகாரத்தில் ஒரு ராத்திரி ஊறப்போடுவார்கள். காலையில் கஞ்சி தானாகக் கழன்று குழகுழவென்று வந்துவிடும். பங்குனி வெயிலுக்கு அவள் வீட்டில் ஒரு பானை நீராகாரம் எப்போதும் புளித்திருக்கும். கூழுக்கென்று கட்டிவைத்த ராகியும் முளைத்திருந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய் ராகியை அரைத்து நீராகாரத்தில் கலந்து கொண்டுவந்தாள். கோணிப்பையைக் கிழித்து, அதில் நனைத்து, முன்பக்கப் பம்பரில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றிக் கட்டினாள். காயாமல் இருக்க மேலே மேலே ஊற்றினாள். புளித்த வாடைக்கு ஈ மொய்த்தது. சர்வீஸ் ஆட்கள் மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, காருக்குப் பிரசவம் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். ஆமாம், பிறந்ததும் உங்கள் பேரை வைக்கிறேன் என்றாள்.

நனைந்த கோணி பம்பரின் இடது பாதியில் மட்டும்தான் இருந்தது. நடுவில் நம்பர் பிளேட்டோடு நிறுத்திவிட்டாள். வலது பாதியையும் பின்பக்கப் பம்பரையும் சோப்புப் போட்டதோடு விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை கட்டைப் பிரித்தாள். பழைய பல்துலக்கும் பிரஷால் ரேகை ரேகையாகத் தேய்த்துப் பச்சைத் தண்ணீர் ஊற்ற, கஞ்சி பால்போல் கரைந்து ஓடியது. காய்ந்ததும் அடியில் உண்மையான பிளாஸ்டிக் தெரிந்தது. வெயிலில் கொஞ்சம் மங்கியிருந்தது, மற்றபடி நோய் நொடி இல்லை. பக்கத்து லாரி பெயிண்ட் ஷெட்டில் ஒரு கரண்டி ஆளிவிதை எண்ணெய் வாங்கி, அதில் ஒரு சிட்டிகை விளக்குப் புகைக்கரி கலந்து, துணியில் தொட்டும் தொடாமலும் எடுத்துத் தேய்த்தாள். கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுத்தாள். கடலெண்ணெய் காயாது, தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். இது உள்ளே இறங்கிக் காய்ந்துவிடும். மத்தியானத்துக்குள் இடது பாதி, எருமைக் கன்று மாதிரி கருத்து நின்றது. வலது பாதி, திருநீறு பூசியது போல.

சாயங்காலம் சென்னிமலை ஜீப்பிலிருந்து இறங்கினார். காரைப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். சற்றுப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"பாலசுந்தரம், என்னய்யா இது?"

பாலசுந்தரம் பூவாத்தாளைப் பார்த்தார். பூவாத்தாள் சென்னிமலையைப் பார்த்துப் பேசினாள்.

"கருப்பா இருக்கறது நான் செஞ்சதுங்க. வெள்ளையா இருக்கறது உங்க ஆலைல செஞ்சதுங்க. மாவு மேல சுடுதண்ணி ஊத்திக் கஞ்சி ஏத்திருக்கீங்க. ஆசிட் இல்லீங்க."

"எவன் சொன்னான் சுடுதண்ணி ஊத்துனோமுன்னு?"

பூவாத்தாள் வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தாள். வீரபாகுவின் கண் சட்டென்று சென்னிமலையின் முகத்துக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பார்வை அவளுக்குப் போதும். வெந்நீர் ஊற்றச் சொன்னது டிரைவர் புத்தி இல்லை. ஓசி வெந்நீரை வீணாக்காதே என்று சொல்லக்கூடியவர் அந்த ஆலையில் ஒருவர்தான்.

சென்னிமலையின் கழுத்து சிவந்தது. "மீதியும் செய்யச் சொல்லு," என்றார், பாலசுந்தரத்திடம்.

"மீதி, செஞ்சவங்க செய்யட்டுங்க," என்றாள் பூவாத்தாள். "இல்லாட்டி, சொன்ன எடத்துலயே சொல்லட்டுங்க, ஆசிட் இல்லீன்னு."

"பொம்பளைக்கு இத்தனை வாயா?" என்று சென்னிமலை காரில் ஏறினார். கதவு சாத்திய சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. கார் போனதும் பாலசுந்தரம், நாளையிலிருந்து வராதே என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பூவாத்தாள் பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். அழவில்லை. வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரம் ஒன்று பாக்கியில்லாமல் தேய்த்துத் தள்ளினாள். செங்கோடன் அந்த இரண்டு நாளும் வாய் திறக்கவே பயந்தான்.

பாதி கருத்துப் பாதி வெளுத்த காரை வைத்துக்கொண்டு ராசிபுரம் ரோட்டில் சென்னிமலை பட்ட பாடு பிறகுதான் தெரிந்தது. முழுக்க ஒரே மாதிரி இருந்தவரை அதை யாரும் கவனிக்கவில்லை. பாதி கருத்ததும் எல்லோருக்கும் கண் வந்துவிட்டது. பாதி சவரத்தில் எழுந்து வந்துவிட்டீர்களா என்று மற்ற ஆலைக்காரர்கள் கேட்டார்கள். திங்கட்கிழமை ஒரு டப்பா கடலெண்ணெய் வாங்கி வலது பக்கம் தடவச் சொன்னார். செவ்வாய்க்கிழமை களத்து மாவு முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பாலசுந்தரம் சைக்கிளில் பூவாத்தாள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, ஆலைக்காரரு வந்திருக்காரு. டிரைவர்கூட இல்ல. அவரே ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. வா."

"கொழம்பு கொதிக்குது."

"அவரு நிக்கறாரு, பூவாத்தா."

"நிக்கட்டுங்க. என்னைய வாராதேன்னு சொன்னப்ப நான் உக்காந்தா கேட்டேன்?"

குழம்பை இறக்கி, அடுப்பை அணைத்து, தலையை முடிந்துகொண்டு நிதானமாகத்தான் போனாள். சென்னிமலை சர்வீஸின் உள்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தார். யாரும் இல்லாத இடம் பார்த்து நின்றிருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"சுடுதண்ணி நாந்தான் ஊத்தச் சொன்னேன்," என்றார் மெதுவாக. "தெரியாமச் சொன்னது. மீதியையும் செஞ்சுபோடு."

"இங்கயில்லீங்க," என்றாள் பூவாத்தாள்.

"அப்பறம் எங்க?"

அவள் டீக்கடையைக் காட்டினாள். ஏற்காட்டு பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அன்று கூடையோடு தள்ளி நின்றவளும் இருந்தாள். சென்னிமலை அவர்களைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், பூவாத்தாளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பாலசுந்தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சென்னிமலை டீக்கடை வரை நடந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. சடையனின் ஸ்டவ்வைப் பார்த்தபடி, "அந்தப் பம்பரு... ஆசிட்டு இல்ல. எங்க ஆலைலதான் சுடுதண்ணி பட்டுப்போச்சு," என்றார்.

சடையன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். சடையனுக்குக் காது நன்றாகவே கேட்கும். மலையில் மூன்றாவது வளைவில் பஸ் ஹாரன் அடித்தால் இங்கே பால் வைப்பவர்.

"என்னங்க சொன்னீங்க? ஸ்டவ் சத்தத்துல கேக்கல."

சென்னிமலை குரலை உயர்த்தினார். "பூவாத்தா ஆசிட் ஊத்தல. நான் சொல்லி ஊத்துன சுடுதண்ணிதான்."

"அப்படீங்களா," என்றார் சடையன். கூடைக்காரி பூவாத்தாளைப் பார்த்தாள். இந்த முறை முந்தானையை இழுக்கவில்லை.

பூவாத்தாளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சொல்லவைப்பதற்கே பத்து நாள் ஆயிற்று; ஒரு குற்றத்தைச் சுமத்த அரை டம்ளர் டீ நேரம்தான் ஆனது. ஆனாலும் அவர் வாயில் அவள் பேர் வந்தது. அவர் வந்துபோகும் இத்தனை நாளில் அதுதான் முதல் முறை. அவள் தொட்டிப் பக்கம் போய்க் கோணியை உதறினாள்.

"வண்டிய நிழல்ல உடுங்க. ராத்திரி முழுக்க ஊறோணும். நாளைக்கு மத்தியானந்தான் கெடைக்கும்."

"அதுவரைக்கும் நான் எப்படிப் போறது?"

"பஸ்ஸு வருமுங்க."

சேலம் போகும் டவுன் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஆலைக்காரர் கூடைக்காரிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பூவாத்தாள் குனிந்து பம்பரின் வலது பாதியில் கட்டுப் போடத் தொடங்கியிருந்தாள்.